எடைக்கு மேல் ஒரு துண்டு

செக்காலை ரோட்டு ஸ்கேன் சென்டரில்
சில்லென்று பசை தடவி
விலா எலும்புகளுக்கு நடுவே
பத்து முறை தட்டினாள் அந்தப் பெண்.
உள்ளே ஆள் இருக்கிறதா என்று
கதவைத் தட்டுகிற மாதிரி.
பதினாறு புள்ளி நான்கு என்று தாளில் வந்தது.
பதினாறும் பெற்று வாழ்க என்றுதான்
கல்யாணத்தில் அரிசி போட்டார்கள்.
இது அதில் சேருமா, தெரியவில்லை.

மதுரை டாக்டருக்கு என் மகன் வயது.
"குடிப்பீங்களா?" என்றார் என்னைப் பார்த்து.
பக்கத்து நாற்காலியில்
என் வீட்டுக்காரர் சேவுகன் நகர்ந்து உட்கார்ந்தார்.
இருபத்தாறு வருஷமாய்ச் சனிக்கிழமை தவறாதவர்.
எதற்கும் இருக்கட்டும் என்று அவர் ரத்தத்தையும் பார்த்தார்கள்.
எல்லாம் சரியாக இருந்தது.
திரும்பும் பேருந்தில் மேலூர் தாண்டியும்
நான் அவரோடு பேசவில்லை.
திருப்பத்தூரில் இறங்கிப்போய்
ஒரு காப்பி வாங்கி வந்தார், சர்க்கரை இல்லாமல்.
காப்பி நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.
சொன்னதில் அவருக்கு நினைவிருந்தது அது ஒன்று.

பயந்தால் ஈரக்குலை நடுங்குது என்போம்.
பையன் பைக்கிலிருந்து விழுந்த அன்று
நானே சொல்லியிருக்கிறேன்.
இத்தனை வருஷம் உள்ளே இறுகிக்கொண்டு வந்தபோது
அது ஒரு தடவைகூட நடுங்கவில்லை.
வலி இல்லை, வாந்தி இல்லை.
கொஞ்சம் அசதி.
மெஸ் நடத்துகிறவளுக்கு அசதி ஒரு செய்தியா?

கல்லுக்கட்டிக்குப் பின்னால் சந்தில் எங்கள் மெஸ்.
பலகையில் தினமும் எழுதுவது நான்:
கோழி, சுக்கா, நண்டு, ஈரல் வறுவல்.
மறுநாள் "ஈர" வரைக்கும் எழுதிவிட்டு
சாக்பீஸோடு நின்றேன்.
"ஈரல் வரலையாக்கா?" என்றாள் பாண்டிச்செல்வி.
"வந்திருக்கு" என்றேன்.

ஈரல் பார்த்து வாங்க எனக்குத் தெரியும்.
விரல் வைத்தால் பதிய வேண்டும்.
நாவற்பழத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவில் நிறம்.
வெள்ளை ஓடியதை, சொரசொரத்ததை,
ஓரம் மழுங்கியதைப்
பையோடு திருப்பிவிடுவேன்.
காதர் மைதீன் இதுவரை மறுபேச்சுப் பேசியதில்லை.

அக்காவுக்குச் சொல்லவில்லை, மகனுக்கும்,
எதிர் ஜெராக்ஸ் கடைக்கும்.
கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.
இலை, வேர், பொடி எதுவும் கூடாதென்று
சீட்டில் இரண்டு கோடு போட்டிருக்கிறார் டாக்டர்.
அதைவிட,
"இவளுக்கா?" என்று அவர் முகத்தைப் பார்ப்பார்கள்,
பிறகு என் முகத்தை.

காலை ஆறரைக்கு, கத்தி தீட்டிக்கொண்டிருந்த
காதர் மைதீனிடம்தான் முதலில் சொன்னேன்.
முப்பது வருஷமாய் ஈரல் பார்க்கிற ஆள்.
"இறுகினது இளகுமா, பாய்?"

கத்தியைக் கீழே வைத்தார்.
"நான் பாத்ததெல்லாம் நின்னுபோன ஈரல்மா.
ஓடுற ஈரலைப் பத்தி
எனக்கு என்ன தெரியும்."
எடைக்கு மேல் ஒரு துண்டு போட்டார்,
எடுத்தார்,
மறுபடி போட்டார்.

பன்னிரண்டு மணிக்குச் சட்டியில்
சோம்பும் மிளகும் வெடித்தன.
உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பது வழக்கம்.
கை வந்தது, நாக்கு நின்றது.
பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டேன்.
கண்ணை மூடி ருசித்தாள்.
"சரியாத்தான் இருக்கு."
அந்தத் "தான்"ஐ நான் நம்பவில்லை.
ஒரு கல் உப்பு கூடப் போட்டேன்.
நாலாம் மேசைக்காரர் இன்னொரு தட்டு கேட்டார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி தட்டிப் பார்ப்பார்களாம்.
அண்டா கழுவிக் கவிழ்த்த பிறகு
விலாவுக்குக் கீழே கையை வைத்தேன்.
பதிகிறதா என்று பார்க்க இல்லை.
சூடாக இருந்தது.
காலையிலிருந்து அடுப்போரம் நிற்கிறேன்,
சூடாக இருக்காதா.